அழித்தும் திரும்பி வந்த ஆட்வேர்: ஒரு ஜெராக்ஸ் கடை லேப்டாப்பின் பழுது பதிவு

மூன்றாவது முயற்சியில்தான் இந்த லேப்டாப் சுத்தமானது. முதல் இரண்டு முயற்சியும் வீணாகப் போனதற்குக் காரணம் ஒன்றே. கண்ணில் பட்ட விளம்பரத்தை அழித்தோமே தவிர, அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது எது என்று தேடவில்லை. கேட்காமலே விளம்பரம் காட்டும் மென்பொருளான ஆட்வேரை நீக்கும் வேலையில் அந்தத் தேடல்தான் முக்கால்வாசி உழைப்பு. அதனால் தவறாகப் போன படிகளையும் விடாமல் எழுதி வைக்கிறோம்.

விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பிரிண்ட் எடுக்கவும், வாடிக்கையாளர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பவும் கடையில் நாள் முழுக்க ஓடும் லேப்டாப். குரோமில் எதைத் தேடினாலும் முடிவுகள் வேறொரு பெயர் தெரியாத தேடல் பக்கத்தில் வருகின்றன. திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று பெட்டி எழும்புகிறது. யாரும் தொடாமலே அவ்வப்போது ஒரு புதிய டேப் திறந்து சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது.

கடைக்காரர் இந்த மூன்றையும் ‘வைரஸ்’ என்று ஒரே சொல்லில் சொன்னார். ஆனால் மூன்றுக்கும் பிறப்பிடம் வேறு. வலது மூலைப் பெட்டி பெரும்பாலும் வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோவ் அழுத்துங்கள்’ என்று கேட்டபோது அழுத்தியதால் கிடைத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி அது. பெட்டியில் குரோம் என்ற பெயரும் ஒரு தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தேடல் திசைமாறுவது பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல், செய்யும் வேலை. தானாக டேப் திறப்பது பெரும்பாலும் பிரவுசருக்கு வெளியே, விண்டோஸுக்குள் எதுவோ உட்கார்ந்திருப்பதன் அடையாளம்.

தொடங்கும் முன் செய்தவை: புக்மார்க்குகளை ஹெச்டிஎம்எல் கோப்பாக ஒரு பென் டிரைவில் எடுத்தோம். ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரிஸ்டோர் பாயின்ட் போடப் போனால் சிஸ்டம் புரொடக்‌ஷனே அணைந்திருந்தது. அதை இயக்கி, சி டிரைவுக்கு 5 சதவீத இடம் ஒதுக்கி ஒரு பாயின்ட் போட்டோம். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரிஜிஸ்ட்ரியில் கை வைக்கப் போகிற எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

முதல் தவறு, நேராக ஸ்கேன் ஓட்டியது. விண்டோஸ் டிஃபெண்டரில் முழு ஸ்கேன் 52 நிமிடம் ஓடி, ஒன்றும் இல்லை என்றது. அதை நம்பி, கோளாறு பிரவுசருக்குள் மட்டும்தான் என்று முடிவு கட்டினோம். குரோம் செட்டிங்ஸில் ரீசெட் கொடுத்ததும் நோட்டிஃபிகேஷன் பெட்டிகள் அன்றோடு ஒழிந்தன. தளங்களுக்குக் கொடுத்த அனுமதிகளையும் ரீசெட் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் தேடல் மாறவில்லை. சரி என்று குரோமையே அன்இன்ஸ்டால் செய்து, உலாவல் தரவையும் அழிக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, புதிதாக நிறுவினோம். முதல் முறை திறந்த உடனே அதே எக்ஸ்டென்ஷன் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு ரிமூவ் பட்டனே இல்லை. மூன்று புள்ளி மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வரி.

அந்த வரிதான் திருப்புமுனை. ஒரு ஜெராக்ஸ் கடை லேப்டாப்பை எந்த நிறுவனமும் நிர்வகிப்பதில்லை. பெரிய அலுவலகங்கள் தங்கள் கணினிகளில் எந்த எக்ஸ்டென்ஷன் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதிக்கக் குரோம் தந்திருக்கும் வசதியைத்தான் ஆட்வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த விதி பிரவுசருக்கு வெளியே விண்டோஸில் எழுதப்படுவதால் ரீசெட்டோ மறுநிறுவலோ அதைத் தொடாது.

இன்னொரு செய்தியும் இதற்குள் இருக்கிறது. அலுவலக நெட்வொர்க் டொமைனில் சேராத சாதாரண விண்டோஸ் கணினியில், குரோம் வெப் ஸ்டோரில் பட்டியலிடப்பட்ட எக்ஸ்டென்ஷன்களை மட்டுமே இப்படிக் கட்டாயமாக நிறுவ முடியும். ஆக, இந்த எக்ஸ்டென்ஷன் ஸ்டோரில் இருந்த ஒன்றுதான். ஸ்டோரில் இருக்கிறது என்பதை யாரும் நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிஃபெண்டர் ஏன் எதையும் பார்க்கவில்லை? விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குள் மேனேஜ் செட்டிங்ஸ், அதன் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல் என்று போகும் ஒரு ஃபோல்டர் அங்கே விலக்காக எழுதப்பட்டிருந்தது. நிறுவும்போது அட்மின் அனுமதி கேட்டதற்கு ‘எஸ்’ அழுத்தியிருக்கிறார்கள். அந்த ஒரு அழுத்தலில் ஆட்வேர் இதையும் எழுதிக்கொண்டது. விலக்கில் இருக்கும் இடத்தை ஸ்கேன் எட்டிப் பார்ப்பதே இல்லை. 52 நிமிடமும் வீண். விலக்குப் பட்டியலை ஸ்கேனுக்கு முன் பார்க்க வேண்டும். பார்க்க 1 நிமிடம்கூட ஆகாது. ‘ரெப்யுடேஷன் சார்ந்த பாதுகாப்பு’ என்ற பகுதியில், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் சுவிட்சும் அணைக்கப்பட்டிருந்தது. அதையும் போட்டோம்.

விலக்கு எடுத்த பின்னும் அந்த ஃபோல்டரை உடனே அழிக்கவில்லை. எது அதை இயக்குகிறது என்று தெரியாமல் அழித்தால் அது மறுபடி இறங்கும். இதற்கு மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள, தானாக இயங்குபவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் போதும். இலவசம், நிறுவத் தேவையில்லை. அட்மினாக இயக்கி, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கச் சொன்னால் நூற்றுக்கணக்கான வரிகள் இரண்டு டஜனுக்குச் சுருங்கும். இளஞ்சிவப்பு வரி என்றால் வெளியீட்டாளர் விவரமோ கையொப்பமோ சரியில்லை. மஞ்சள் என்றால் பதிவு இருக்கிறது, கோப்பு இல்லை. இளஞ்சிவப்பாக இருப்பதெல்லாம் கெட்டதல்ல. பழைய பிரிண்டர் மென்பொருள்கூட அப்படித்தான் காட்டும். இந்த லேப்டாப்பில் 4 இளஞ்சிவப்பு வரிகள். அதில் 2 பிரிண்டருடையவை, 2 நாம் தேடியவை.

அந்த இரண்டும், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் இருந்தன. இரண்டுக்கும் ஏதோ அப்டேட் வேலை போன்ற பெயர். ஒன்று லாகின் ஆனதும் விலக்கில் இருந்த ஃபோல்டரின் நிரலை எழுப்புகிறது. மற்றது 30 நிமிடத்துக்கு ஒரு முறை விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை மறைந்த ஜன்னலில் திறந்து, பொருள் புரியாத நீண்ட எழுத்துக்கூட்டத்தைக் கொடுத்து ஓட்டுகிறது. அது பேஸ்64 குறியாக்கம். இயக்காமல் வெறும் எழுத்தாக மாற்றிப் பார்த்தால் ஒரு விளம்பர முகவரியும், அதைக் குரோமில் திறக்கச் சொல்லும் கட்டளையும். தானாகத் திறந்த டேப்புக்கு விடை கிடைத்தது. டேப் திறக்கும் நேரத்தைக் கடைக்காரர் ஒரு நாள் குறித்து வைத்திருந்தால்கூட இது தெரிந்திருக்கும். சரியான இடைவெளியில் வருவது பெரும்பாலும் ஷெட்யூலர் வேலை.

இரண்டு டாஸ்க்கையும் எக்ஸ்எம்எல் ஆக எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, முதலில் டிஸேபிள் மட்டும் செய்தோம். பிறகு ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக 4-ஆம் எண், அதாவது அடிப்படை நிரல்கள் மட்டும் இயங்கும் சேஃப் மோடு. விண்டோஸ் 11 ஹோமில் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கிக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கக்கூடும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். மறுதொடக்கத்துக்கு முன்பே போனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினோம். அழிப்பது ஒரு நாள் கழித்து. பெயர் மாற்றியதும் ஏதாவது உடைந்தால் எது எதைச் சார்ந்திருந்தது என்பது தெரியவரும்.

உடைந்தது இணையம். சாதாரண முறையில் திரும்பி வந்தால் குரோமில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை, ப்ராக்ஸி சர்வருடன் இணைய முடியவில்லை என்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் வைஃபையைக் குறை சொல்லி ரவுட்டரை மாற்றப் போவார்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க், ப்ராக்ஸி பக்கத்தைத் திறந்தால் 127.0.0.1 என்ற முகவரியும் ஒரு போர்ட் எண்ணும். அது அதே லேப்டாப்பின் முகவரி. பிரவுசரிலிருந்து போகும் எல்லாமே அந்த நிரல் வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. நிரல் போனதும் பாதை அறுந்தது. சுவிட்சை அணைத்ததும் இணையம் வந்தது. பக்கத்திலேயே செட்டப் ஸ்கிரிப்ட் என்று இன்னொரு சுவிட்ச் உண்டு. அதிலும் முகவரி எழுதப்பட்டிருக்கலாம், பாருங்கள். இங்கே அது காலி.

டேட்டா யூசேஜ் பக்கத்தில் 30 நாள் கணக்கைப் பார்த்தால், குரோம் பெயரில் சொற்பமும், பெயர் கேள்விப்படாத ஒரு நிரலில் 6.2 ஜிபியும் இருந்தன. எல்லாம் அதன் வழியாகப் போனதால் கணக்கும் அதன் தலையில். முதல் நாளே இந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் ஸ்கேனுக்கே போயிருக்க வேண்டாம்.

அடுத்தது பாலிசி, அதாவது எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக்கிய அந்த விதி. குரோம் முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் தட்டினால் நடைமுறையில் உள்ள விதிகள் தெரியும். கட்டாய எக்ஸ்டென்ஷன் பட்டியலில் 32 எழுத்து அடையாளம் ஒன்று. ரிஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கி அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு அழித்தோம். குரோமைத் திறந்தால் எக்ஸ்டென்ஷன் இல்லை.

இங்கேதான் இரண்டாவது முயற்சி தோற்றது. வேலை முடிந்தது என்று லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாளே திரும்பி வந்தது. அழித்த ரிஜிஸ்ட்ரி வரி அதே இடத்தில். டாஸ்க்குகள் டிஸேபிள் நிலையில்தான் இருந்தன. அப்படியானால் எழுதியது யார்? விண்டோஸேதான். சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் குரூப்பாலிசி என்று மறைந்த ஃபோல்டர் ஒன்று உண்டு. அதில் மெஷின் என்பதற்குள் ரிஜிஸ்ட்ரி டாட் பிஓஎல் என்ற கோப்பு. விதியின் மூலப்பிரதி அதுதான். ரிஜிஸ்ட்ரியில் இருப்பது நகல். நகலை அழித்தால் மூலத்திலிருந்து மறுபடி எழுதப்படும். ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் தரப்படுவதில்லை. அதனால் பாலிசியே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். எடிட்டர் இல்லாவிட்டாலும் இந்தக் கோப்பை விண்டோஸ் படிக்கிறது.

சொந்த லேப்டாப்பாக, அலுவலகக் கட்டுப்பாடு எதுவும் இல்லாததாக இருந்தால் குரூப்பாலிசி ஃபோல்டரையும் பக்கத்தில் இருக்கும் குரூப்பாலிசியூசர்ஸ் ஃபோல்டரையும் பெயர் மாற்றிவிடலாம். பிறகு ரிஜிஸ்ட்ரி கிளையை அழித்து, கமாண்ட் ப்ராம்ப்டில் ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் சேர்த்துக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். எல்லா விதியையும் அந்த நொடியே மறுபடி எழுது என்பது அதன் பொருள். மூலம் இன்னும் எங்காவது இருந்தால் வரி கண்ணெதிரே திரும்பி வரும். மறுநாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த முறை வரவில்லை. இந்த ஒரு சோதனையை முதல் தடவையே செய்திருந்தால் கடைக்காரர் இரண்டு தடவை அலைந்திருக்க மாட்டார்.

குரோம் ஷார்ட்கட்டுகளின் ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் பார்த்தோம். நிரலின் பெயருக்குப் பின் ஏதாவது முகவரி ஒட்டப்பட்டிருந்தால் அழிக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இருந்ததில் ஒட்டியிருந்தது, டாஸ்க்பாரில் இல்லை. ஒரு தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போகும் என்று தீர்மானிக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் டிஎன்எஸ்ஸிலும் மாற்றம் இல்லை.

ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிரவுசர் நம்ப அடிப்படையாக இருக்கும் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்க சிஸ்இன்டர்னல்ஸின் சிக்செக் உதவும். மைக்ரோசாஃப்ட்டின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லாத ரூட் சர்டிஃபிகேட்டுகளை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லலாம். மெஷினுக்கு ஒரு முறை, யூசருக்கு ஒரு முறை. இதை யாரும் தவிர்க்க வேண்டாம். 2014-இன் பிற்பகுதியிலிருந்து சில மாதங்கள் லெனோவா விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே இருந்தது. அது தன் ரூட் சர்டிஃபிகேட்டை விண்டோஸில் பதித்து, பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைத்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியத் திறவுகோல். அதன் கடவுச்சொல்லை 2015 பிப்ரவரியில் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்து வெளியிட்டார். அதன்பின் அதே பொது வைஃபையில் இருக்கும் எவரும் வங்கித் தளம்போல் நடிக்க முடியும் என்ற நிலை. விளம்பரத்துக்காகச் செய்த வேலை பாதுகாப்பின் அடித்தளத்தையே பெயர்த்தது. 2017-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் (எஃப்டிசி) லெனோவா சமரசம் செய்துகொண்டது.

இந்த லேப்டாப்பில் அப்படி எந்தச் சர்டிஃபிகேட்டும் இல்லை. ஆகவே ப்ராக்ஸி நிரலால் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதைப் பார்த்திருக்க முடியும், பூட்டிய பக்கத்தின் உள்ளே பார்த்திருக்க முடியாது. ஆனால் எக்ஸ்டென்ஷனுக்கு முடியும். அது வாங்கியிருந்த அனுமதி ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’. கடையில் பிறருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் தட்டச்சு செய்த லேப்டாப் இது. விளம்பரம் தொல்லை என்பதைவிட இதுதான் நம்மைக் கவலைப்படுத்துகிறது. சுத்தம் செய்த அன்றே, இந்த லேப்டாப்பில் அல்லாமல் கடைக்காரரின் போனில், ஈமெயிலுக்கு முதலிலும் வங்கிக்கு அடுத்தும் கடவுச்சொல் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும்படி செய்தோம்.

கடைசிக் கண்ணி சிங்க், அதாவது குரோம் செட்டிங்ஸைக் கூகுள் கணக்கில் சேமித்து மறுபடி இறக்கும் வசதி. எல்லாம் முடிந்து கூகுள் கணக்கில் நுழைந்து சிங்க் போட்டதும் அதே தேடல் தளமும் தொடக்கப் பக்கமும் வந்து நின்றன. வயிறு கலங்கும், ஆனால் இது புதுத் தொற்று அல்ல. கெட்ட நிலையில் இருந்தபோது கணக்கில் சேமிக்கப்பட்ட செட்டிங்ஸ் இறங்குகிறது. சிங்க் தரவுப் பக்கத்துக்குப் போய் சர்வரில் உள்ளதை அழித்துவிட்டு, இந்தப் பக்கம் செட்டிங்ஸைச் சரிசெய்து, மறுபடி சிங்க் போட வேண்டும். அழிப்பதற்கு முன் சேமித்த கடவுச்சொற்களையும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இறுதியில்தான் ஆட்வ்கிளீனர் ஓட்டினோம். ஆட்வேரை நீக்க மால்வேர்பைட்ஸ் தரும் இலவசக் கருவி, நிறுவத் தேவையில்லை. 4 நிமிடத்தில் எஞ்சியிருந்த 7 ரிஜிஸ்ட்ரி வரிகளைப் பிடித்தது. தொடக்கத்திலேயே ஓட்டியிருந்தால் எது எங்கே இருந்தது என்ற தடயம் போயிருக்கும், மூலக்கோப்பு தப்பியிருக்கவும் கூடும். அதன்பின் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன், சுமார் 15 நிமிடம். பழைய வழிகாட்டிகள் பல குரோமின் உள்ளேயே இருந்த கிளீனப் கருவியை ஓட்டச் சொல்லும். அது 2023-இல் குரோம் 111 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது, தேடி நேரம் போக்க வேண்டாம்.

செலவு: மென்பொருளுக்கு 0 ரூபாய். நேரம்: முதல் நாள் 3 மணி, இரண்டாம் தடவை 2 மணி 15 நிமிடம். லாகின் ஆகி குரோம் பயன்பாட்டுக்கு வர முன்பு 1 நிமிடம் 50 விநாடி. இப்போது 35 விநாடி. 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பிரிண்டர்கள் சேர்த்து முடிக்க 2 மணி நேரம் போதுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரியாத ரூட் சர்டிஃபிகேட் இருந்திருந்தாலோ, தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் கிடைத்திருந்தாலோ, யோசிக்காமல் ஃபார்மட்தான் செய்திருப்போம். ஆனால் சிங்க் கணக்கைச் சரிசெய்யாமல் ஃபார்மட் செய்திருந்தால் தேடல் பக்கம் புது விண்டோஸிலும் வந்து நின்றிருக்கும்.

வந்த வழியும் தெரிந்தது. கெட்ட ஃபோல்டர் உருவான தேதியையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் தேதிவாரியாக அடுக்கினால், 3 நிமிடம் முன்னால் ஒரு பிரிண்டர் டிரைவர் கோப்பு. பிரிண்டர் மாடல் எண்ணைத் தேடி, முடிவுகளின் மேலே வந்த விளம்பர இணைப்பிலிருந்து இறக்கியது. டிரைவருடன் ‘டிரைவர் அப்டேட்டர்’ ஒன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. ரெகமெண்டட் என்ற தேர்வில் அது மறைந்திருந்தது, கஸ்டம் தேர்வில் கட்டமாகத் தெரிந்திருக்கும். பெரும்பாலான பிரிண்டர்களை யுஎஸ்பியில் செருகினால் விண்டோஸ் அப்டேட்டே டிரைவரைத் தேடிக் கொடுக்கும். இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்து சப்போர்ட் பக்கம்.

அடுத்த முறை வரிசை இப்படி இருக்கும்: டேட்டா யூசேஜ், எக்ஸ்க்ளூஷன்ஸ், ப்ராக்ஸி, பாலிசி பக்கம், ஆட்டோரன்ஸ். ஐந்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ள 20 நிமிடம். அதுவரை எதையும் அழிப்பதில்லை. ஸ்கேன் கடைசியில்.

கடையில் வேலை செய்பவர்களுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் கணக்கு போட்டு, அட்மின் கடவுச்சொல்லைக் கடைக்காரரிடம் கொடுத்தோம். 7-ஆம் நாள் எடுத்துப் பார்த்தபோது டாஸ்க்குகள், பாலிசி, ப்ராக்ஸி எல்லாம் காலி. நோட்டிஃபிகேஷன் பட்டியலில் மட்டும் புதிதாக ஒரு தளம் அனுமதி வாங்கியிருந்தது; அதற்கு அட்மின் உரிமை தேவையில்லை. அதை நீக்கி, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கேட்கவே கூடாது என்ற தேர்வைப் போட்டுவிட்டு லேப்டாப்பை மூடினோம்.